"இண்டைக்குப் படகு இல்லை" என்று சொல்கிறவர்

 

கொஞ்சம் நீளமான பதிவு. 

"நாங்கள்" என்றால் மூன்று பேர். கோப்பாயில் கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, 2014 இல் நியமனம் கிடைத்து மூன்று பக்கமாகப் பிரிந்தவர்கள். ஒருவர் நெடுந்தீவு, ஒருவர் நயினாதீவு, ஒருவர் ஊர்காவற்றுறைப் பக்கம். இதைத் தட்டச்சு செய்வது ஊர்காவற்றுறைப் பக்கத்தில் படிப்பிக்கும் சோனகதெருப் பிள்ளை. மற்ற இருவரும் வாசித்துத் திருத்திய பிறகுதான் முகநூலில் போடுகிறோம்.

2021 மே மாதம் ஃபிளாரம் என்ற மென்பொருளின் 1.0 பதிப்பு வெளிவந்தது. பத்திரிகையில் வருகிற செய்தி இல்லை. எங்களுக்கு மட்டும் பெருநாள் மாதிரி இருந்தது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் ஒரு சீஆர் கொப்பியில் இருந்து தொடங்க வேண்டும்.

தீவுப் பாடசாலைகளைத் தெரியாதவர்களுக்கு: பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்களும் குறைவு. ஒரு அறையில் 3, 4, 5ஆம் தரங்களை ஒரே ஆள் வைத்துப் படிப்பிக்கிற இடங்கள் உண்டு. பல்தர வகுப்பு என்று கல்லூரியில் அதற்கு ஒரு பாடமே இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, 5ஆம் தரத்துக்குப் பின்னம் சொல்லிக்கொண்டிருக்கும்போது 3ஆம் தரத்தில் ஒன்று அழுதால் என்ன செய்வது என்று அந்தப் பாடத்தில் இல்லை. கேட்பதற்குப் பக்கத்து அறையிலும் ஆள் இருக்காது.

ஆகவே ஒரு கொப்பி தொடங்கினோம். கேள்வி ஒரு பக்கம், பதில் மறு பக்கம். பொலித்தீன் பையில் சுற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் தெரிந்த கடையில் கொடுத்தால், நயினாதீவுப் படகில் கால் மணித்தியாலத்தில் போய்விடும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், கடல் விட்டால். ஒரு சுற்றுக்கு இரண்டு கிழமை எடுக்கும். வேறு ஆசிரியர்களும் அதில் எழுதத் தொடங்கினார்கள். 2014 முடிய இரண்டாவது கொப்பிக்கு வந்துவிட்டோம்.

"இந்தக் காலத்தில் கொப்பியா, வட்ஸ்அப் குழு வைக்கலாமே" என்று கேட்பீர்கள். வைத்தோம். மூன்று மாதத்துக்கு முன் யாரோ சொன்ன நல்ல பதில், காலை வணக்கப் படங்களுக்கும் இடமாற்றச் சுற்றறிக்கைகளுக்கும் கீழே போய்விடும். தேடி எடுக்க முடியாது. புதிதாகச் சேர்கிறவருக்குப் பழையது எதுவும் தெரியாது. எங்களுக்கு வேண்டியது கருத்துக்களம். ஒரு கேள்விக்கு ஒரு தலைப்பு, அதற்குக் கீழே அதற்கான பதில்கள் மட்டும், ஐந்து வருடம் கழித்து வருகிறவரும் தேடி வாசிக்கும்படி. யாழ் களத்தில் வெளிநாட்டுத் தமிழர்கள் விடிய விடிய வாதாடுவதைப் பார்த்திருக்கிறோம். அதைப்போல, சண்டை இல்லாமல்.

நெடுந்தீவு சேரின் மச்சான் கனடாவில் இருக்கிறார். தன் இணையத்தள வாடகை இடத்தில் கொஞ்சம் தருகிறேன் என்றார். அந்த மாதிரி மலிவான, பலர் பகிரும் இடத்தில் ஓடக்கூடிய மென்பொருள் வேண்டும். அந்த நேரம் எல்லோரும் புகழ்ந்தது டிஸ்கோர்ஸ். 2013 பெப்ரவரியில் அறிவித்து, 2014 ஓகஸ்டில் 1.0 கொண்டுவந்திருந்தார்கள். நல்ல சாமான். புதிதாக வருகிறவருக்குக் கொஞ்ச உரிமை, பழகப் பழகக் கூடுதல் உரிமை என்று வகுப்பறை மாதிரியே ஒழுங்கு. ஆனால் அதற்கு ஒரு ஜிபி நினைவகத்தோடு தனிச் சேர்வர் வேண்டும். மாதாமாதம் டொலரில் கட்ட எங்கள் சம்பளத்துக்குத் தாங்காது. மற்றப் பக்கம் பிஎச்பிபிபி இருந்தது. மலிவான இடத்தில் ஓடும். ஆனால் சின்னப் போன் திரையில் அதைத் திறந்தால் எழுத்துத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் இருந்ததோ போன் மட்டும்தான்.

அப்போதுதான் ஃபிளாரம் பற்றி வாசித்தோம். ஆஸ்திரேலியாவின் டோபி செர்னர் எசோடாக் என்ற களமென்பொருளை எழுதியவர். ஜேர்மனியின் ஃப்ரான்ஸ் லீட்கே ஃப்ளக்ஸ்பிபி என்ற இன்னொன்றில் வேலை செய்தவர். இருவரும் பழையதை விட்டுவிட்டு, சேர்ந்து புதிதாக ஒன்று எழுதுகிறார்கள். மலிவான இடத்தில் ஓடும், போனில் அழகாகத் தெரியும், இலவசம், மூலநிரலும் திறந்திருக்கும். பொதுப் பீட்டா விரைவில் என்று இருந்தது.

பீட்டா என்றால் கிரேக்க அரிச்சுவடியின் இரண்டாவது எழுத்து. மென்பொருள்காரரின் பாஷையில், வேலை அரைவாசிக்கு மேல் முடிந்தது, குறை இருக்கும், தெரிந்துகொண்டு பாவியுங்கள், குறையைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். பொதுப் பீட்டா என்றால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஜிமெயில்கூட 2004 ஏப்ரலில் இருந்து 2009 ஜூலை வரை ஐந்து வருடம் பீட்டா என்ற சொல்லோடுதான் இருந்தது.

நாங்கள் அந்தப் பீட்டாவுக்குக் காத்திருந்தோம். 2015 முதல் தவணை போனது. இரண்டாம் தவணை தொடங்கியது. எங்கள் மூன்று பேரிலும் கொஞ்சம் கொம்பியூட்டர் தெரிந்தவர் நயினாதீவு ரீச்சர்தான். அவர் இரவில் சிக்னல் கிடைக்கிற மூலைக்குப் போய் என்ன நடக்கிறது என்று பார்ப்பார். என்ன திருத்தினார்கள், என்ன உடைந்தது, எது இன்னும் முடியவில்லை, எல்லாம் கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருப்பார்கள். ரீச்சர் மறுநாள் எங்களுக்கு ஒரு வரி அனுப்புவார்: "இன்னும் இல்லை. ஆனா வேலை நடக்குது."

இந்த இடத்தில் பொறுமை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குறிகட்டுவானில் காலையில் நின்றவர்களுக்குத் தெரியும். சோழகக் காற்றுக் காலத்தில் படகு போகுமா போகாதா என்று எழுதிவைத்த நேரம் இல்லை. ஒரு நாள் படகோட்டி வந்து கடலைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், காத்துக் கூட. இண்டைக்கு இல்லை. நாளைக்கு வெள்ளனப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏமாற்றம்தான். ஆனால் திரும்பி பஸ் ஏறி வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். இன்னொரு நாள் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படகு கட்டியபடி நிற்கும், ஆளைக் காணோம். பத்து மணி மட்டும் வெயிலில் நிற்போம். வந்த கோபம் அன்று முழுக்கப் போகாது. இரண்டு நாளும் பாடசாலைக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான். ஆனால் இரண்டையும் பொறுமை என்ற ஒரே சொல்லால் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை.

எங்கட வீட்டில் "ஸபர்" என்ற சொல்லோடுதான் வளர்ந்தோம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றியபோது கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். புத்தளத்தில் ஓலைக்கொட்டில். "ரெண்டு கிழமையில திரும்பிரலாம், ஸபர் செய்யுங்கோ" என்று யாரோ சொன்னதை உம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். இருபது வருடம் போனது. யார் எப்போது திரும்பலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை. அதே காலத்தில்தான் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனமும் வீட்டைப் பூட்டிவிட்டு இடம்பெயர்ந்தது. எங்களில் யாருக்கும் காத்திருப்பது புதிது இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிற ஸூரத்துல் கஹ்பில் மூஸா நபியும் ஹிழ்ர் அவர்களும் படகில் போகிற சம்பவம் இருக்கிறது. ஏழைகளின் படகில் ஹிழ்ர் ஓட்டை போடுகிறார். பொறுமையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த மூஸா நபியாலேயே கேட்காமல் இருக்க முடியவில்லை. நல்ல படகுகளைப் பறிக்கிற அரசன் ஒருவனிடமிருந்து காப்பாற்றத்தான் அந்த ஓட்டை என்பது கடைசியில்தான் தெரிகிறது. காரணம் அறியாத விஷயத்தில் பொறுமை எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சம்பவம் ஒளிக்காமல் சொல்கிறது. நபிக்கே கடினம் என்றால் இறங்குதுறையில் நிற்கிற எங்களுக்கு எப்படி இருக்கும்?

இதை ஒரு நாள் படகில் மற்ற இருவருக்கும் சொன்னபோது நெடுந்தீவு சேர் சொன்னார்: "அப்ப ஃபிளாரம்காரர் நல்ல ஆக்கள். ஓட்டை எங்க இருக்கெண்டு முதலே சொல்லினம்." சிரித்தோம்.

இவ்வளவும் எங்களைப் பற்றி நல்லபடியாக எழுதியது. இனி எழுதுவது அப்படி இல்லை.

2015 மே, ஜூன் அளவில் கொப்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டோம். யாரும் தீர்மானம் எடுக்கவில்லை. "எப்படியும் களம் வரத்தானே போகுது, அதில் ஒழுங்காகப் போடுவோம், இப்போது ஏன் இரண்டு வேலை" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டோம். கொப்பி ஊர்காவற்றுறையில் ஒரு பைக்குள் கிடந்தது. நாலு மாதம்.

2015 ஓகஸ்ட் கடைசியில் முதல் பொதுப் பீட்டா வந்தது. முக்கியமான தளங்களில் பாவிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. கனடா மச்சான் இடம் தந்தார், ரீச்சர் இரண்டு இரவு விழித்திருந்து நிறுவினார். தமிழில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் சொல் தேடினோம். "டிஸ்கஷன்" என்பதற்குக் "கலந்துரையாடல்" போட்டால் போனில் இரண்டு வரிக்கு ஓடியது, கடைசியில் "கேள்வி" என்றே வைத்தோம். எல்லாம் முடிந்து, பழைய கொப்பிகளில் உள்ளதை ஏற்றுவோம் என்று பையைத் திறந்தோம்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்தை அதுவரை யாரும் வாசித்திருக்கவில்லை. நெடுந்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக இருந்த பிள்ளை எழுதியது. 3ஆம் தரத்தில் ஒரு பையன். கதை நன்றாகச் சொல்வான், பாட்டுப் பாடுவான், கரும்பலகையில் எழுதினால் மட்டும் ஒன்றுமே வாசிக்க மாட்டான். பின்வாங்கில் இருந்து பக்கத்துப் பிள்ளையைக் குழப்புகிறான். அடித்தும் பார்த்தாயிற்று என்று வீட்டில் சொல்கிறார்கள். "நான் என்ன செய்ய வேணும் ரீச்சர்? தெரிஞ்ச ஆக்கள் தயவு செய்து எழுதுங்கோ." திகதி போட்டிருந்தது. மே மாதம்.

பதில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். முதலில் முன்வாங்கில் இருத்திப் பார்க்க வேண்டும், பிறகு கண்ணைக் காட்ட வேண்டும். கல்லூரியில் முதல் வருடப் பாடம் அது. ஒரு வரியில் எழுதியிருக்கலாம். போன் எடுத்தே சொல்லியிருக்கலாம். விசாரித்தபோது அந்தப் பிள்ளை ஜூலையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பையனுக்குக் கண் பார்வை குறைவு என்று அடுத்த வருடம் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஒரு வருடம் போய்விட்டது அவனுக்கு.

நல்ல கருவிக்குக் காத்திருக்கிறோம் என்ற பெயரில் நாங்கள் செய்தது பொறுமை இல்லை. ஆஸ்திரேலியாவிலும் ஜேர்மனியிலும் இருந்த முகம் தெரியாதவர்கள் ஏன் தாமதம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணித்தியாலக் கடல் தூரத்தில் இருந்த அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படகைக் கட்டிவிட்டுக் காணாமல் போன ஆள் அந்த முறை நாங்கள்தான்.

களத்தில் நாங்கள் ஏற்றிய முதல் கேள்வி அது. பெயர்கள் இல்லாமல், எழுதியபடியே. கீழே பதில். அதற்கும் கீழே ஒரு விதி: யார் எது கேட்டாலும் மூன்று நாளுக்குள் ஒருவராவது "கண்டோம், பதில் தேடுகிறோம்" என்றாவது எழுத வேண்டும். கொப்பியையும் திரும்பச் சுற்றவிட்டோம், போன் இல்லாதவர்களுக்காக.

பிறகு ஆறு வருடம் பீட்டாவோடு குடித்தனம். பீட்டா 2, பீட்டா 3 என்று 16 வரை போனது. சில தரம் புதியதை ஏற்றியதும் பழையது உடையும். ஒரு தரம் பிரதி எடுக்காமல் ஏற்றி இரண்டு கிழமைப் பதிவுகளைத் தொலைத்தோம். முழுக்க எங்கள் பிழை. பிரதி எடுத்துவிட்டு ஏற்றுங்கள் என்று முன்பே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு மாதக் கடைசியில் ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் முடக்கியது. எங்கள் சின்னக் களத்தை யாருக்கும் தெரியாது, அதனால் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏப்ரல் கிழமை எங்கட வீட்டில் யாருக்கும் கதவு திறந்து வெளியே போகத் தெம்பு இல்லை. சனம் எங்களை எப்படிப் பார்க்கும் என்ற பயம். தேவாலயங்களில் செத்துப்போனவர்களின் படங்களைப் பார்த்து உம்மா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு களத்தைத் திறந்தால் நயினாதீவு ரீச்சர் ஒரு கேள்வி போட்டிருந்தார். பின்னத்துக்குக் கடதாசி மடிக்கும் முறையை ஊர்காவற்றுறையில் எப்படிச் செய்கிறீர்கள், எனக்கு மறந்துபோச்சு என்று. அந்த முறையை எங்களுக்குக் காட்டித் தந்ததே அவர்தான். கீழே நெடுந்தீவு சேர், "எனக்கும் மறந்துபோச்சு. விளக்கமா எழுதுங்கோ, அவசரமில்லை" என்று போட்டிருந்தார். இரவு ஒரு மணி வரை இருந்து படத்தோடு எழுதி அனுப்பினோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது களத்தில் 62 ஆசிரியர்கள் இருந்தோம். சூம் வகுப்பு எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராது. போன் இருக்கிற வீட்டில் சிக்னல் இல்லை, சிக்னல் இருக்கிற வீட்டில் டேட்டாவுக்குக் காசு இல்லை. ஒருவர் செய்த பயிற்சித்தாளை எல்லோரும் களத்தில் எடுத்து அச்சடித்து, மரக்கறி கொண்டுபோகிற படகில் கொடுத்து அனுப்பினோம்.

கல்லூரியில் படித்த ஒரு விஷயம் அப்போது ஞாபகம் வந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கன் ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகின்றன. செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மூன்று செக்கனும் எங்கள் கண் பிள்ளையின் முகத்தில் இருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் பிள்ளை தன் பதிலை விழுங்கிவிடும்.

மே மாதம் 1.0 வந்தது என்று ரீச்சர் அனுப்பியபோது அன்றிரவே ஏற்றவில்லை. முதல் நாள் குறிப்புகளை வாசித்தோம். இரண்டாம் நாள் பிரதி எடுத்தோம். மூன்றாம் நாள், மூன்று வீட்டிலும் மூன்று பேர் போனில் இருக்க, ரீச்சர் பொத்தானை அழுத்தினார். ஓடியது. பீட்டா என்ற சொல் இல்லை. முதல் பக்கத்தில் பழைய கேள்விகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆகக் கீழே அந்த மே மாதக் கேள்வி.

அந்தப் பையன் 2021 இல் 9ஆம் தரம். கண்ணாடி போட்டிருக்கிறான். நெடுந்தீவு சேர் இறங்குதுறையில் கண்டால் படிப்பைப் பற்றிக் கேட்பார். அவன் "பரவாயில்லை சேர்" என்பானாம்.

அந்தத் தொண்டர் ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இதை வாசித்தால், தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறோம். 2015 இலிருந்து அங்கேதான் இருக்கிறது. பிந்தியதற்கு மன்னியுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டு, பதில் உங்கள் கையில் இன்னும் இல்லை என்றால், "இண்டைக்கு இல்லை" என்றாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

துஆ செய்யுங்கள். குறிகட்டுவானில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.